எந்த ரெண்டு இஞ்சு?

நீங்கள் மைக்கைப் பிடித்துச் சொன்னது பொய். "தேனி வெல்டிங்காரன் ரெண்டு இஞ்சுக் குழாய் கேட்டான், நான் ரெண்டு இஞ்சு குடுத்தேன், அவனுக்கு மாட்டத் தெரியல" என்று போன மாதம் கம்பத்தில் ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில் சொன்னீர்கள். முன்வரிசையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவள் புருஷன், மடங்காத வலது காலை நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கடைசி வரிசையில் நின்றேன். என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை.

எழுதுவது என் தொழில் இல்லை. எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அல்லிநகரத்தில் சைலன்சர் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, ஜீப், டிராக்டர், எது வந்தாலும் புகைக்குழாய் வேலை என்னுடையது. ஓட்டை விழுந்தால் அடைப்பேன், துருப்பிடித்தால் வெட்டிப் புதிதாகப் போடுவேன். நீங்கள் ஏலக்காய் எஸ்டேட் முதலாளி. வீடு கம்பத்தில், தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில். என் தங்கை பண்ணைப்புரத்தில் வாக்கப்பட்டவள். அவள் புருஷன் அப்போது உங்களிடம் டிரைவர்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை இது. செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தது அப்போதுதான் நின்றிருந்தது. நீங்கள் ஒரு பழைய கார் வாங்கினீர்கள். சின்ன கார், ஆயிரத்து முந்நூறு சிசி பெட்ரோல் எஞ்சின். கோயம்புத்தூரில் யாரோ ரேஸ்காரர் எஞ்சின் தலையைத் திறந்து வேலை பார்த்து, பெரிய கார்புரேட்டர் வைத்து ஓட்டிய வண்டி. மழை முடிந்ததும் கேரளாப் பக்கம் மலையேற்றப் போட்டி நடக்கும், அதில் உங்கள் கார் ஓட வேண்டும் என்று ஆசை உங்களுக்கு. ஆசை உங்களுடையது, ஸ்டியரிங்கில் உட்காரப் போவது என் மாப்பிள்ளை.

அவன்தான் காரை முதன்முதலில் பட்டறைக்குக் கொண்டுவந்தான். நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்தீர்கள். அவனுக்கு முகமெல்லாம் பல்.

"மச்சான், பேயி மாதிரி இழுக்குது. ஒரு ரவுண்டு உக்காந்து பாருங்க."

"இழுக்குறது இருக்கட்டும் மாப்ள. நிக்குமா?"

"நான் என்ன டவுன் பஸ்ஸா ஓட்டுறேன், ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்க?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும்ப்பா, எனக்குச் சத்தம் வரணும்" என்றீர்கள். "நான் கூடலூர் தாண்டுறப்பவே கம்பத்துக்காரன் எந்திரிச்சு உக்காரணும். கோயம்புத்தூருல ஒரு வண்டி பாத்தேன், ரெண்டரை இஞ்சுக் குழாய் போட்டிருந்தான். அதையே போடு."

ரெண்டரை இந்த எஞ்சினுக்கு ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன். அது பெரிய எஞ்சினுக்கான குழாய். குழாய் ஒடுக்கமாக இருந்தால் எஞ்சின் உச்சத்தில் ஓடும்போது புகை வெளியேற முடியாமல் மூச்சு முட்டும். அதற்காக இஷ்டத்துக்கு அகலமாகப் போட்டால் புகை வேகம் இழந்து குழாய்க்குள் படுத்துக்கொள்ளும். மலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவை இரண்டாவது கியரில் சுற்றி வெளியே வரும்போது வண்டிக்கு இழுவை வேண்டும். அங்கே எஞ்சின் மெதுவாகச் சுற்றும். அகலக் குழாயில் அந்த இடத்தில்தான் இழுவை செத்துப்போகும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

உங்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தேன். "முதலாளி, நீங்க வாய்க்கால எவ்வளவு அகலமா வெட்டுனாலும் மோட்டர் ஊத்துற தண்ணிதேன் வரும். அகலம் சாஸ்தியானா தண்ணி படுத்துக்கும், கடைசி வயலுக்குப் போய்ச் சேராது. புகையும் அப்பிடித்தேன்."

"ஏலே, எனக்கே வெவசாயம் சொல்லித் தர்றியா?" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது என்று பரீட்சை வைத்தேன். ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு என்று மூன்று அளவில் குழாய் செய்தேன். பட்டறையில் கிடந்த கார் புகைக்குழாய்த் துண்டுகளை ஒட்டிச் செய்தவை, கிளாம்ப் போட்டு மாட்டிக் கழற்றலாம். ஒட்டுப்போட்ட குழாய் பரீட்சைக்கு ஆகும், நிரந்தரத்துக்கு ஆகாது. காலையில் லோயர் கேம்ப்புக்குப் போய், குமுளி ஏற்றத்தில் ஒரே வளைவிலிருந்து ஒரே பாலம் வரைக்கும் இரண்டாவது கியரில் மாப்பிள்ளையை ஓட்டச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டு எண்ணினேன். ஒன்றரைக் குழாயில் பாலத்தைத் தொடும்போது பதினான்கு. ஒன்றே முக்காலில் பன்னிரண்டு. இரண்டில் பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில். ஆனால் மேலே கொஞ்சம் நேரான ரோட்டில் இரண்டு நன்றாக மூச்சு விட்டது.

"என்ன மச்சான், பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி எண்றீக?" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தான்.

என் மனசு ஒன்றே முக்காலில்தான் நின்றது. நீங்கள் கேட்கவில்லை. கடைசியில் இரண்டுக்கு ஒத்துக்கொண்டோம். இரண்டு இஞ்சு, அதற்கு மேல் ஒரு நூல் கூடாது என்றேன். நூல் என்பது எங்கள் பட்டறைப் பேச்சு. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

மேலே போகக் கூடாது என்று நான் சொன்னதற்கு இழுவை மட்டும் காரணம் இல்லை. வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். புகைக்குழாய் போகிற பள்ளத்திலேயே பக்கச் சுவரை ஒட்டிப் பின்சக்கரங்களுக்குப் பிரேக் குழாய்கள் போகின்றன. பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய்கள், உள்ளே பிரேக் ஆயில். இரண்டு இஞ்சுக் கார்க் குழாயை வைத்துப் பார்த்தபோது நடுவில் என் ஆள்காட்டி விரல் தாராளமாக நுழைந்தது. அந்த ஒரு விரல் இடைவெளிதான் எனக்கு எல்லை. புகைக்குழாய் பழுக்கக் காய்ந்தால் அதை ஒட்டியிருக்கிற பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் உள்ளே குமிழி கட்டும். குமிழி கட்டினால் பெடலை மிதிக்கும்போது குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. இதை உங்களிடம் சொன்னேன். பட்டறை வாசலில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

இரண்டு இஞ்சில் ஒட்டில்லாத கார்க் குழாய் தேனியில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்கு நாள் உங்களுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே உங்கள் எஸ்டேட் ஜீப்பில் ஒரு குழாய் வந்து இறங்கியது. துருப்பிடிக்காமலிருக்க வெள்ளைத் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய். தோட்டத்துக்கு மோட்டார் லைன் இழுத்ததில் மிச்சம்.

உடனே போன் போட்டேன்.

"முதலாளி, இது தண்ணிக் குழாயில்ல அனுப்பியிருக்கீக?"

"ரெண்டு இஞ்சா, இல்லையா?"

"ரெண்டு இஞ்சுதேன். ஆனா இது அந்த ரெண்டு இஞ்சு இல்ல."

"என்னடா கூத்து இது. ரெண்டு இஞ்சுல எத்தன ரெண்டு இஞ்சு இருக்கு?"

"தண்ணிக் குழாய்க்கு உள்வாய வச்சு ரெண்டுங்குறாக. கார்க் குழாய்க்கு வெளிச்சுத்துல ரெண்டு. இது தடிமனும் சாஸ்தி. வெளிய அளந்தா மூணு நூல் கூட வருது. பிரேக் குழாய்ல போய் இடிக்கும் முதலாளி."

"கடக்காரன் ரெண்டுன்னுதேன் சொன்னான், நானும் ரெண்டுன்னுதேன் கேட்டேன். நீயும் ரெண்டுன்னுதேன் சொன்ன. மூணு பேரும் ஒண்ணையே சொன்னதுக்கப்புறம் ஒனக்கு என்னப்பா சந்தேகம்?"

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் குழாய் என்றால் தண்ணீர்தான். போர் போடுகிறவன், திராட்சைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் இழுக்கிறவன், மோட்டார் மாட்டுகிறவன், எல்லோருக்கும் இஞ்சு என்றால் தண்ணீர் போகிற வாய். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த அளவு அது. அதனால் முதல் நாள் நீங்கள் தெரியாமல் அனுப்பினீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நானும் முட்டாள்தனமாக 'இரண்டு இஞ்சு' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். 'வெளிச்சுத்து' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

நான் மாட்ட மாட்டேன் என்றேன். உங்கள் பதில் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நீ போடலைன்னா போ. கம்பத்துல வேற ஆளா இல்ல? அவன் போடுவான். யாரு போட்டாலும் ஓட்டப்போறது ஒன் மாப்பிள்ளதேன்."

போனை வைத்துவிட்டு அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயம் அங்கே ஆரம்பித்தது. வேறு ஒருவன் போட்டால் பிரேக் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், நான் போட்டால் முடிந்தவரை விலக்கியாவது வைப்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு. சாவியை எடுத்துக்கொண்டு நேரே பண்ணைப்புரம் போய், மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து, இந்த வண்டியில் ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. குழாயை அறுத்தேன்.

உள்ளே மணலை இறுக்கி அடைத்து, கேஸில் காய்ச்சி வளைத்தேன். அந்த வெள்ளைப் பூச்சு வெல்டிங் சூட்டில் எரிந்தால் புகை நெஞ்சில் இறங்கும், வேலை செய்கிறவனுக்குக் குளிர்காய்ச்சல் வரும். வந்தது. சாயங்காலம் போர்வையைச் சுற்றிக்கொண்டு பட்டறை பெஞ்சில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு செம்பு பாலைக் குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அந்த வண்டிய அவுகதேன் ஓட்டணுமா? வேற யாரும் இல்லையா?"

"ஏத்தா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அவுக சோறு திங்கயிலயும் கியரு போடுறாக. பாக்கப் பயமா இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "குழாய் வேல நீதான பாக்குற? அப்பச் சரி. நீ பாத்தா எனக்குப் பயமில்ல" என்றாள்.

எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் குழாயை மாட்டினேன். வண்டியின் அடித்தகட்டில் ஒரு பக்கம் முட்டியதால் முழுக் குழாயும் பிரேக் குழாய்ப் பக்கமாகவே தள்ளி உட்கார்ந்தது. எப்படித் திருப்பினாலும் அவ்வளவுதான். விரல் நுழைந்த இடத்தில் பென்சில் நுழையவில்லை. சூட்டைத் தடுக்க நடுவில் ஒரு தகரத்தை வளைத்துச் செருகினேன். பிரேக் குழாய்களையே கழற்றி அடுத்த பக்கமாகக் கொண்டுபோக வேண்டும், மதுரையிலிருந்து குழாய் வரவேண்டும், இரண்டு நாள் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். "வரட்டும், மாத்திக்குவோம். நாளைக்குக் காலைல ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோம்" என்றீர்கள்.

அப்படியானால் நானும் வண்டியில் வருவேன் என்றேன். அது வீரம் இல்லை. பட்டறையில் உட்கார்ந்து போன் வருமா என்று காத்திருக்க எனக்குத் தைரியம் கிடையாது.

கம்பம் மெட்டு ரோடு. விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. நீங்கள் முன்னாலேயே ஜீப்பில் மேலே போய்விட்டீர்கள். உங்களோடு இன்னும் இரண்டு எஸ்டேட்காரர்கள், சத்தம் கேட்பதற்காக. மாப்பிள்ளை சாமி கும்பிட்டுவிட்டு ஏறினான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மாப்ள, எறங்கயில கியர்ல எறங்கு. பிரேக்க நம்பாத."

"ஒங்க வேலய நீங்களே நம்பலையா மச்சான்?"

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கேள்விக்கு அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் இறங்கியிருப்பான். அவன் முட்டாள் இல்லை. குழாய் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் அது இரண்டு இஞ்சு, அவ்வளவுதான்.

ஏறும்போது நான் ரோட்டையே பார்க்கவில்லை. காலுக்கடியில் தரையையே கவனித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரை நடுவில் குழாய் போகிற மேட்டில் வைத்திருந்தேன், சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய. மூன்றாவது வளைவில் வெதுவெதுப்பு. அதற்கப்புறம் பாதத்தை வைக்க முடியவில்லை. சத்தம் நீங்கள் கேட்டபடியே வந்தது. பாறையில் மோதித் திரும்பி வந்து காதை அடைத்தது. வளைவுகளில் இழுவை இல்லை. மாப்பிள்ளை முதல் கியருக்குப் போய் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி ஏற்றினான். அப்படி அழுத்தினால் குழாய் இன்னும் காயும். எல்லாம் தெரிந்தும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே போய் நின்றதும் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். நீங்கள் அணைக்க விடவில்லை. உங்கள் ஆட்களுக்குச் சத்தம் காட்ட வேண்டும். "இன்னொருக்கா மிதி. இன்னொருக்கா" என்று கையை ஆட்டினீர்கள். நிற்கிற வண்டிக்கு அடியில் காற்று போகாது. ஓடும்போதாவது காற்று கொஞ்சம் சூட்டை எடுக்கும். தண்ணீர்க் குழாய் தடிமனான இரும்பு, சூட்டை லேசில் விடாது. தீய்ந்த பெயிண்ட் வாசம் வந்தது.

"முதலாளி, போதும். ஆறவிடணும். அரை மணி நேரம் ஆறட்டும்."

"புதுக் குழாய்னா வாசம் வரத்தான் செய்யும். ஏன்ப்பா பொம்பளப் பிள்ள மாதிரி பயப்படுற?" என்றீர்கள். உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான், முதலாளி சிரித்ததால். "எனக்குக் கம்பத்துல காய் ஏலத்துக்குப் போகணும். நீங்க எறங்குங்க, நான் பின்னால வர்றேன்."

நாங்கள் இறங்கினோம்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவில் பிடித்தது, ஆனால் பெடல் ஆழமாக இறங்கியதை மாப்பிள்ளையின் முழங்காலைப் பார்த்தே கண்டுகொண்டேன். அடுத்த வளைவுக்கு முன்னால் அவன் மிதித்தான். முழங்கால் நேராக நீண்டது. பெடல் தரையில் போய் முட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. டப் என்று, சின்னச் சத்தம். அவ்வளவு பெரிய எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

"மச்சான், இல்ல" என்றான். அது ஒன்றுதான் சொன்னான்.

திரும்பத் திரும்ப மிதித்தான். கொஞ்சம் பிடித்தது, விட்டது. இரண்டாவது கியர், முதல் கியர். எஞ்சின் அலறியது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்பக்கம் அலைந்தது, வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இடது பக்கம் நான், அதற்கப்புறம் மரங்களின் தலை, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது, வயல், தென்னை, எல்லாம். வலது பக்கம் பாறையை வெட்டிய சுவர். அவன் வலது பக்கம் ஒடித்தான்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் தன் பக்கம் ஒடித்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். யாராக இருந்தாலும் பாறைப் பக்கம்தான் ஒடிப்பான். இதில் கதை கட்ட ஒன்றும் இல்லை.

பாறையில் உரசிக்கொண்டே போய் ஒரு நீட்டிய கல்லில் முட்டி நின்றது. அவன் பக்கம் முன்புறம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. அவன் வலது கால் அப்போதும் பிரேக் பெடல் மேலேயே இருந்தது.

எனக்கு நெற்றியில் கிழிசல், அவ்வளவுதான். இறங்கி அவன் பக்கம் ஓடினேன். கதவு திறக்கவில்லை. அந்த நேரத்தில் கீழேயிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்கு ஏறும் ஜீப் ஒன்று வந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். இறங்கி ஓடிவந்தார்கள்.

"ஏ ஆத்தா, காலு மாட்டியிருக்குடி, இழுக்காதீக, இழுக்காதீக" என்று ஒரு அம்மா எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "ஏப்பா, ஜாக்கிய எடுத்துட்டு வா. நெத்தியத் தொடச்சுக்கிட்டு நிக்குற?"

என்னைத்தான் சொன்னாள். அந்த அம்மா சொன்னபடிதான் ஜாக்கி வைத்துத் தகட்டை விரித்தோம். அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "மச்சான், அவளுக்குப் போன் போட்டுறாதீக. நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

நீங்கள் அப்போதுதான் ஜீப்பில் இறங்கி வந்தீர்கள். முதலில் காரைத்தான் சுற்றிப் பார்த்தீர்கள். நான் பார்த்தேன். அந்தப் பெண்களும் பார்த்தார்கள்.

கம்பத்தில் கட்டுப்போட்டு, தேனிக்குக் கொண்டுவந்து, இரண்டு முறை ஆபரேஷன் நடந்தது. கால் தப்பியது, முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். மடங்காத வலது காலை வைத்துக்கொண்டு எவனும் வண்டி ஓட்ட முடியாது. இப்போது அவன் கெங்குவார்பட்டியில் ஒரு மாங்காய் குடோனில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, நீ அளந்துதான போட்ட?"

"அளந்தேன் ஆத்தா" என்றேன்.

அது பொய் இல்லை. அளந்தேன். அளந்து, இடிக்கும் என்று தெரிந்துகொண்டு, பிறகு போட்டேன். அந்தப் பாதியை ஏழு வருஷமாக அவளிடம் சொல்லவில்லை. பயம். அவள் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது என்ற பயம். நீங்களும் அப்போது வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. பிரேக் போய்விட்டது, மலை ரோடு, விதி என்று ஊர் தானாகவே பேசி முடித்துக்கொண்டது. நமக்கு இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இப்போது நீங்கள் வாய் திறந்துவிட்டீர்கள். அதுவும் இளம் டிரைவர்களுக்குப் புத்தி சொல்வதாக, அளவு தெரியாதவன்கிட்ட வண்டிய விடாதீக என்று. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆட்டத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் இரண்டு இஞ்சு என்றால் மோட்டார்க் குழாய்தான். ஒருவன் கேட்டதைக் கேட்ட அளவிலேயே கொடுத்த நல்ல முதலாளியாக நீங்கள் அங்கே நின்றீர்கள். என் தங்கை அதைக் கேட்டாள். அவளுடைய அண்ணன் அளவு தெரியாதவன் என்று கேட்டாள். உண்மை அதைவிட மோசம். அவளுடைய அண்ணனுக்கு அளவு தெரியும்.

அதனால் என் பங்கை நான் இங்கே எழுதிவிட்டேன். இதன் நகலை அவளுக்கும் அனுப்புகிறேன், அவள் படிக்கட்டும். படித்துவிட்டு என் வாசலை மிதிக்காமலே இருந்தாலும் சரி, அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அளவு தப்பு என்று தெரிந்தும் குழாயில் நெருப்பை வைத்தேன், அவளிடம் பாதியை மறைத்தேன், மாப்பிள்ளையை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதில் எதையும் உங்கள் தலையில் கட்டவில்லை.

உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், தனியாக வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். அடுத்த மாதமும் அதே மண்டபத்தில் சங்கக் கூட்டம் இருக்கிறது. இரண்டு இஞ்சுக் கார்க் குழாய் ஒன்று, இரண்டு இஞ்சுத் தண்ணீர்க் குழாய் ஒன்று, இரண்டையும் நான் கொண்டுவந்து மேஜை மேல் வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் டேப் வைத்து அளக்கட்டும். நீங்கள் அதே மைக்கைப் பிடித்து, முன்வரிசையில் இருக்கிற என் தங்கையையும் அவள் புருஷனையும் பார்த்து, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஜீப்பில் அனுப்பியது இந்த இரண்டில் எது? பிரேக் குழாயில் இடிக்கும் என்று நான் போனில் சொன்னேனா இல்லையா? மேலே ஆறவிடணும் என்று நான் கேட்டபோது, ஏலத்துக்குப் போகணும் என்று சொல்லி எங்களை இறங்கச் சொன்னது யார்?

எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நான் அன்றைக்கும் கடைசி வரிசையில்தான் நிற்பேன்.